கிளாக்கரின் பேனாத் தாங்கி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் படகு தொழிலாளர்களின் சுகாதாரத்துக்காக வாங்கப்பட்டது என்று ஆபிஸில் சொல்வார்கள். நீர்த்தேக்கம் கட்டியபோது கீழ் டிவிசனுக்குப் போகிற பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. தோட்டத்து மருத்துவச்சியான நான் அங்கே போவதற்குப் படகு வேண்டும், இல்லாவிட்டால் மலையைச் சுற்றி அரை நாள் நடக்க வேண்டும். ஆனால் படகின் பின்னால் மாட்டுகிற அந்தச் சின்ன மோட்டார் அதிகம் உழைத்தது துணை மேனேஜரான சின்னத்துரை மீன் பிடிக்கப் போன ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அவர் மிச்சம் வைத்த பெற்றோலில் வாரநாட்களில் சுகாதாரம் நடந்தது.

படகோட்டி முன்பு தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டியவர். எங்கள் பக்கத்துக் குளிரில் லொறியை எடுத்தவுடன் நகர்த்த முடியாது. விடியற்காலையில் கொஞ்ச நேரம் உறும விட்டு, எஞ்சினைச் சூடேற்றித்தான் கிளப்புவார்கள். அதே மரியாதையை அவர் படகு மோட்டாருக்கும் செய்தார். கரையோரக் கொட்டகையில், மரச்சட்டத்தில் மாட்டியபடியே, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அதை அலற விடுவார். அப்போது கையில் பிளேன்டீ இருக்கும், முகத்தில் எஞ்சினியர் களை இருக்கும்.

மோட்டாரோடு வந்த ஆங்கிலக் கைநூலை அந்தத் தோட்டத்தில் வாசித்த ஒரே ஆள் நான். தண்ணீருக்கு வெளியே ஓட்டக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லொறிக்கு இருப்பதுபோல இதற்கு ரேடியேட்டர் கிடையாது. மோட்டாரின் காலுக்குள் இம்பெல்லர் என்று ஒரு சிறிய றப்பர் சக்கரம் சுழன்று, வெளித் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர வைக்கிறது. அந்தத் தண்ணீர் இல்லாமல் சுழன்றால் றப்பர் உரசிக் கருகிவிடும். இதை அவரிடம் சொன்னேன்.

"குளிருல எஞ்சினு வெறச்சிப் போயிரும் மிஸ்ஸி. பொறந்த புள்ளைக்கு நீங்க வெந்நி வைக்கிறதில்லையா? அந்த மாதிரிதான்."

"நான் தண்ணியோட வைக்கிறேன் அண்ணே. நீங்க வெறும் சட்டியை அடுப்புல வைக்கிறீங்க."

"மிஸ்ஸிக்கு ஊசியை விட வாய் கூரு," என்று சிரித்துவிட்டு, அவர் மறுநாளும் வெறும் சட்டியை அடுப்பில் வைத்தார்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், நீர்த்தேக்கத்தின் நடுவில், மோட்டார் கருகிய றப்பர் நாற்றமெடுத்துப் புகைந்து நின்றது. கொட்டுகிற மழையில் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். நனைந்தது எனக்குப் பெரிதல்ல. கீழ் டிவிசனில் கொழுந்து பறிக்கிற ஒருத்திக்கு மாதம் நெருங்கியிருந்தது. அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் தொழிலாளர் வரிசைவீடான லயத்து அறையிலேயே உயிரில்லாமல் பிறந்தவை. இதுவும் வயிற்றில் குறுக்கே கிடந்தது. வலி எடுக்கும் முன்பே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். படகு இல்லையென்றால் சாக்குத் தொட்டிலில் கட்டி, அட்டை கடிக்கிற பாதையில் மலையைச் சுற்றித் தூக்கி வருவார்கள். அப்படி வந்தவர்கள் வந்து சேர்ந்த நிலையை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டகையில் ஆண்கள் கூடினார்கள். அவர்கள் கண்டுபிடித்த காரணங்களை வந்த வரிசையிலேயே தருகிறேன். பெற்றோலில் தண்ணீர் என்றார் டீமேக்கர். பிளக்கில் கரி என்றார் படகோட்டி. கண்ணூறு என்றார் கங்காணி. அவருடைய வைத்தியம் மட்டும் உடனே நடந்தது, மோட்டாரின் கழுத்தில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது. கடைசியாக வந்த பெரிய கிளாக்கர், ஆபிஸின் தலைமைக் குமாஸ்தா, எதையும் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார்: மோட்டாரைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அதற்குச் சின்னத்துரையின் உத்தரவு வேண்டும், சின்னத்துரை குதிரைப் பந்தய சீசனுக்கு நுவரெலியா போயிருக்கிறார்.

கைநூலின்படி கருவிப் பெட்டியில் ஓர் உதிரி இம்பெல்லர் இருந்திருக்க வேண்டும். பெட்டியில் இல்லை. படத்தைப் படகோட்டியிடம் காட்டினேன்.

"அட, இந்த றப்பர் பூவா? பாக்க லெச்சணமா இருக்குன்னு கிளாக்கரய்யா எடுத்துக்கிட்டாருங்க."

ஆபிஸுக்குப் போனேன். கிளாக்கரின் மேசையில் அது மல்லாந்து கிடந்தது. சிறகுகளுக்கு நடுவே சிவப்பு மைப் பேனாவும், நீல மைப் பேனாவும், சீவிய பென்சில்களும் நின்றன. கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். மேசை மேல் இருப்பதெல்லாம் மகாராணியுடையது என்பதுபோல உட்கார்ந்திருப்பார்.

"உது ஒபிஸ் சாமான், பிள்ளை. கண்டபடி தூக்கிக் குடுக்க ஏலாது."

"அது மோட்டாரின் சாமான் ஐயா. இதோ படம்."

"சின்னத்துரையே பாத்து வடிவாயிருக்கு எண்டு சொன்னவர். நீர் போய் உம்மட மருந்துப் பெட்டியைப் பாரும்."

"பார்க்கிறேன் ஐயா. கீழ் டிவிசனில் ஓர் உயிர் போய், பெரியதுரை விசாரித்தால், படகு ஏன் வரவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டும். உங்கள் பேனாக்கள் எதில் நின்றன என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்."

அவர் பேனாக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். யாரோ தன் பல்லைப் பிடுங்குவதுபோல முகம் இருந்தது. மருந்துச்சாலையிலிருந்து ஒரு காலிப் போத்தலைக் கொடுத்தனுப்பினேன். பேனாக்கள் அதில் இன்னும் ஒழுங்காக நின்றன. அதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மோட்டாரின் அடிக்காலைப் படகோட்டி கழற்றித் தந்தார். பம்பின் மூடியை நான் திறந்தேன். உள்ளே பழைய இம்பெல்லரின் சிறகுகள் கருகி, பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. "அதான் புதுசு இருக்கே, மாட்டிருவோம்," என்றார் அவர். காணாமல் போன துண்டுகள் எங்கே என்று அவருக்குத் தோன்றவில்லை. பிரசவத்துக்குப் பின் நச்சுக்கொடியை விரித்துப் பார்த்து, ஒரு துண்டும் உள்ளே தங்கவில்லை என்று நிச்சயப்படுத்தாமல் நாங்கள் எழுந்திருப்பதில்லை. தண்ணீர்க் குழாய்க்குள் இடுக்கியை விட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து, பழைய பத்திரிகையின் மேல் சக்கரத்தைச் சுற்றி அடுக்கினேன். கடைசித் துண்டு வளைவில் ஒட்டிக் கிடந்தது. அது வந்த பிறகே சக்கரம் முழுசாயிற்று.

இதற்குள் படகோட்டி புதியதில் பூச ஒரு விரல் நிறையக் கிரீஸ் அள்ளியிருந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். கிரீஸின் இனமான வாஸ்லின் பட்ட றப்பர் கையுறை ஊதிக் கொழகொழத்துப் போவது ஆஸ்பத்திரியில் துடைப்பம் பிடிக்கிறவர்களுக்கும் தெரியும். மருந்துச்சாலையிலிருந்து கிளிசரின் கொண்டுவந்து தடவினேன். தண்டோடு சக்கரத்தைப் பிணைக்கிற ஓர் இரும்பு ஆப்பு உண்டு, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு.

"இத்தனூண்டு தானே, இல்லாட்டியும் ஓடும்."

"தண்டு ஓடும். சக்கரம் ஓடாது. வைங்க."

ஆப்பை வைத்து, தண்டைச் சுழலும் பக்கமாகவே திருப்பிக்கொண்டு அமுக்க, சிறகுகள் எல்லாம் ஒரே பக்கம் மடிந்து உள்ளே உட்கார்ந்தன. மூடியைப் பூட்டி, காலை மாட்டி, படகோடு தண்ணீரில் இறக்கிய பிறகுதான் கிளப்புகிற கயிற்றை இழுக்க விட்டேன். மோட்டாரின் பின்துளையிலிருந்து தண்ணீர் கம்பியாகப் பீய்ச்சியது. எலுமிச்சம்பழம் வேலை செய்துவிட்டது என்று கங்காணி சொன்னார்.

அன்று மத்தியானமே கீழ் டிவிசனுக்குப் போனோம். அவள் துணி மூட்டையோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். படகில் ஏற அவளுக்குக் கை கொடுத்தது நான்தான், அவன் தன் காலில் போட்டிருந்த சப்பாத்து நனையாமல் ஏறுவதில் கவனமாக இருந்தான்.

நடுத் தண்ணீரில், படகோட்டி சொன்ன கதையைக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "மிஸ்ஸி, நீங்க மிசினுக்கே பிரசவம் பாத்தீங்களாமே?"

"அது சுகப்பிரசவம். உனக்குக் கத்தி வைப்பாங்க."

"வைக்கட்டும். புள்ள உசுரோட வந்தா எங்க வேணும்னாலும் வைக்கட்டும்." படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். "வலி வந்துருச்சி மிஸ்ஸி. காலையிலயே. சொன்னா படகுல ஏத்த மாட்டீங்கன்னு சொல்லல."

படகோட்டியை வேகம் கூட்டச் சொன்னேன். அவர் கைப்பிடியைக் கடைசிவரை திருப்பினார். கரையில் கொழுந்து லொறி நின்றது. கொழுந்து மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவளை ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் நேராக உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வாங்குப் பலகையில் புருஷன் தன் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்து அழுகைச் சத்தம் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் எழுந்திருக்கவில்லை. தாதி வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்றாள்.

"பொட்டப்புள்ளையா?" என்றான் அவன். "இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?"

 அவன் கையில் பிளாஸ்கைக் கொடுத்து, கடைக்குப் போய்ச் சுடுதண்ணீர் வாங்கி வரச் சொன்னேன். அந்த வேலைக்கு அவன் போதும். பிறகு பிள்ளையைப் பார்க்க உள்ளே போனேன்.