பேனா இரண்டு முறை தட்டினால்

இது நடந்தது. நம்பாதவர்கள் மேலே படிக்க வேண்டாம், எனக்கு வருத்தமில்லை. எங்கள் வீட்டிலேயே நம்பவில்லை. கனவு கண்டிருப்பாய் என்றார் அப்பா. பாட நோட்டும் கையுமாக, விளக்கைப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு யார் கனவு காண்பார்கள்?

நாங்கள் மூன்று தோழிகள். தினமும் இணைய அழைப்பில் சேர்ந்து வீட்டுப்பாடம் செய்வோம். எனக்குப் பட்டப்பெயர் கல்வெட்டு. வரலாறு என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அல்ஜீப்ரா மட்டும் மண்டையில் ஏறாது. இன்னொருத்தி பிராக்கெட். "மொதல்ல பிராக்கெட்ட தொறடி" என்று அவள் கத்தாத நாளே கிடையாது. மூன்றாமவள் குறட்டை. படிக்கும்போதே தூங்கிவிடுவாள், மைக் அதை ஊருக்கே சொல்லும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேமராவைத் திறக்க மாட்டோம், மைக்கை மூட மாட்டோம். பேச்சும் கிடையாது. தாள் புரளும் சத்தமே துணை. எங்காவது மாட்டிக்கொண்டால் பேனாவால் மேசையில் இரண்டு முறை தட்ட வேண்டும். டொக், டொக். யாருக்கு முடியுமோ அவர்கள் உதவிக்கு வருவார்கள். பிராக்கெட் ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தால், பதிலுக்கு நான் அவளுக்கு வரலாற்றில் ஒரு கேள்வியைக் கதையாகச் சொல்ல வேண்டும். கடன் வைக்க விடமாட்டாள்.

மறுநாள் எனக்குக் கணக்கில் மறுதேர்வு. அதிலும் கோட்டை விட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும், அதுவும் என் தம்பியோடு. அவன் இப்போதே பக்கத்தில் இடம் போட்டு வைப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். சிரித்தேன்.

வெளியே நல்ல மழை. பயிற்சித் தாளில் ஆறு கணக்குகள். முதல் கணக்கிலேயே மாட்டிக்கொண்டு தட்டினேன்.

"முன்னால மைனஸ் இருக்கு. பிராக்கெட்ட தொறந்தா உள்ள இருக்கிற மைனஸ் நாலு, பிளஸ் நாலா மாறிடும். எழுது" என்றது பிராக்கெட்டின் குரல்.

எழுதினேன். எக்ஸ் ஐந்து என்று வந்தது. சரியான விடை. எனக்கே ஆச்சரியம். அவள் இப்படிப் பொறுமையாகச் சொல்லித் தந்ததே இல்லை. தலையில் களிமண்ணா என்று ஒரு முறையாவது கேட்டிருப்பாள். பரீட்சை என்பதால் இரக்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கணக்கு. மூன்றாவது. அதே நிதானம். அதே ஏற்ற இறக்கம். என் முறைக்கு, முற்றுகையிடப்பட்ட கோட்டைப் பாடத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பாடம் அது.

"வேணாம். நீ கணக்கப் போடு."

அப்போதுதான் கவனித்தேன்... அவள் பேசும்போது மூச்சு விடும் சத்தமே இல்லை. ஒரு வாக்கியம் முடிகிறது. அடுத்தது தொடங்குகிறது. நடுவில் ஒன்றுமில்லை.

டொக்... டொக்.

யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். குறட்டையாக இருக்கும் என்று அவளைக் கேட்டேன்.

"நான் இல்லடி. பிராக்கெட் பக்கம்தான் பச்சை வட்டம் மினுங்குது" என்றாள்.

நானும் திரையைப் பார்த்தேன். அழைப்பில் யாருடைய பக்கம் சத்தம் வருகிறதோ, அவர்கள் படத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் தெரியும். பிராக்கெட்டின் வட்டம்தான் மினுங்கியது. கணக்கு சொல்லித் தருகிறவளுக்கு என்ன உதவி வேண்டும்?

"ஏன்டி தட்டுற?"

"நான் தட்டல. யாரும் தட்டல."

அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் குரலுக்கு அடியில்...

டொக்... டொக்.

சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

நான்காவது கணக்கைக் குரல் விளக்கியது. தட்டும் சத்தமும் விடவில்லை. ஆனால் மெலிந்துகொண்டே வந்தது. இரண்டு தட்டுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. ஐந்தாவது கணக்கு. ஆறாவது. பேனாவை நிறுத்தாமல் என் கை எழுதிக்கொண்டிருந்தது.

டொக்...

ஒன்றுதான். இரண்டாவது வரவில்லை.

பேனாவைப் போட்டுவிட்டு அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் தையல்காரர். கீழே கடை, மேலே வீடு. எண் என்னிடம் இருந்தது, பள்ளிச் சீருடையை அவரிடம்தான் தைக்கக் கொடுப்போம். மேலே போய் அவளைப் பாருங்கள் என்றேன். தையல் இயந்திரம் நின்றது.

"பேசிட்டுதானேம்மா இருக்கா? எனக்கே கேக்குதே."

"ஒரே ஒரு தடவ போய்ப் பாருங்க ஆன்ட்டி."

படியேறும் சத்தம். எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது. போனில் கொஞ்சம்... அழைப்பில் கொஞ்சம்.

7.42.

கதவு திறந்தது.

அம்மா அலறினார். மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கதறினார்.

அந்தக் கதறலுக்கு நடுவில், கொஞ்சமும் மாறாமல், அதே குரல்.

"ஏழாவது கணக்கு. எழுதிக்கோ."

சொல்லியது. முழுதாகச் சொல்லியது.

அப்புறம் அழைப்பு அறுந்தது.

பிராக்கெட்டுக்கு ஆஸ்துமா. மூச்சுத் திணறி நாற்காலியிலிருந்து விழுந்திருக்கிறாள். இன்ஹேலர் கீழே கடையில் பையில் இருந்தது. கத்துவதற்குக் காற்றே இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றாராம் டாக்டர். கதவைத் திறந்தபோது அறையில் யாரும் பேசவில்லை என்கிறார் அவள் அம்மா.

மறுநாள் பரீட்சைக்குப் போனேன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கேள்வித்தாளைப் புரட்டினேன். முதல் கேள்வி, அந்த ஏழாவது கணக்கு. ஒரு எண்கூட மாறவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு, அழைப்பில் உன் குரல் எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"கம்ப்யூட்டர்ல இருந்து வரலடி. நான் தரையில கிடந்தேன். மேசைக்கால்ல தட்டிக்கிட்டே இருந்தேன். அது என் நாற்காலியில உக்காந்து பேசிட்டிருந்துச்சு."

நான் அவள் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"கடைசியா ஒரு தடவ தட்டினேன். அப்பதான் குனிஞ்சு என்னப் பாத்துச்சு. என் மூஞ்சிதான். கோபமே இல்ல. மெதுவா சொல்லுச்சு..."

"என்ன சொல்லுச்சு?"

"'தட்டாத. அவ பாஸ் ஆகட்டும்.'"