ஏழு காலைப் பொட்டலங்கள்

நாக்கு சார் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தேயிலைக் கம்பெனியின் ருசி பார்க்கும் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருபத்தாறு வருஷமாகக் கிடக்கிறது. அதில் அவருடைய குடைதான் உட்காரும். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டே இருப்பார். ருசி பார்க்க ஒன்றும் இல்லாதபோதும் வாய்க்குள் நாக்கு எதையோ தேடிக்கொண்டிருக்கும், கன்னம் மாறி மாறிப் புடைக்கும்.

வேலை என்னவோ எளிதாகத்தான் தெரியும். நீள மேசையில் நாற்பது வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் வேறு தோட்டத்துச் சாயம், பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று விட்டு, சக்கரம் வைத்த தொட்டியில் துப்புவார். பிறகு ஒரே ஒரு வார்த்தை. "வச்சுக்கோ" அல்லது "தள்ளு". அந்த வார்த்தையை நம்பித்தான் கம்பெனி மூட்டை மூட்டையாகத் தேயிலை வாங்கியது.

அந்த நாக்குக்காக மனுஷர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தார். காரம் கிடையாது, பூண்டு கிடையாது, வெற்றிலை பாக்கு, சிகரெட் எதுவும் கிடையாது. வீட்டில் வாசனை சோப்புக்கூட நுழையக் கூடாது. "நான் கட்டிக்கிட்டது மனுஷனையா, ஒரு நாக்கையா?" என்று அவர் மனைவி கேட்காத வாரமில்லை. இவ்வளவு பத்தியம் இருந்தவருக்குப் போய் வயிற்றில் புண் வந்ததே, அது அநியாயம்தான்.

முதலில் வெறும் வயிற்றில் எரிந்தது. அப்புறம் சாப்பிட்டாலும் எரிந்தது. ஒருநாள் இருபதாவது கோப்பையில் கண் இருட்டிக்கொண்டு வர, குடையைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பை கழுவி அடுக்கும் அம்மா அதைப் பார்த்துப் பதறிப்போனாள். அவர் உட்கார்ந்ததே அவளுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது.

டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். "இது காரத்தால வர்றதில்லங்க. உள்ள ஒரு கிருமி உட்கார்ந்துக்கிட்டு இருக்கு. பதினாலு நாள், காலையும் ராத்திரியும். ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றார். நாக்கு சார் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர். அதனால் காலை மாத்திரைகளை மனைவி காகிதத்தில் பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள்.

நான்காம் நாள் வாய் கெட்டது. பழைய இரும்புச் சாவியை அடக்கிக்கொண்ட மாதிரி ஒரு கசப்பு. மருந்தின் குணம் அது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார், இவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு நாற்பது கோப்பையும் ஒரே கோப்பையாக இருந்தது. அவர் பயந்துபோனார். புண்ணை நினைத்து அப்படிப் பயந்ததில்லை.

ஒரு கணக்குப் போட்டார். ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொள்வது, காலைப் பொட்டலத்தை விட்டுவிடுவது. வலி எப்படியும் நின்றுவிட்டது, கிருமி பாதி செத்திருக்கும். வேலை நாளில் மட்டும்தானே. இப்படி ஏழு பொட்டலம் மிஞ்சின.

குப்பையில் போடவும் மனசு வரவில்லை. வந்த தேயிலை ஒவ்வொன்றிலும் ஒரு பிடியைச் சாம்பிள் டப்பாவில் போட்டு வருஷம் முழுக்கக் காக்கிற கை அது. சீட்டு ஒட்டாத டப்பா ஒன்றில் பொட்டலங்களைப் போட்டு அலமாரியின் கடைசி வரிசையில் தள்ளினார். அந்த வாரமே கோப்பைக்காரம்மா நெஞ்செரிச்சல் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, இரக்கப்பட்டு இரண்டு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். தர்மம் செய்த திருப்தியோடு அன்றைக்கு வீட்டுக்குப் போனார்.

மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு பையில் ஊதச் சொல்லி மூச்சைச் சோதித்தார்கள். கிருமி அப்படியே இருந்தது.

"எல்லா மாத்திரையும் போட்டீங்களா?"

"போட்டேன்..." என்று மென்று முழுங்கினார்.

"நானே பொட்டலம் கட்டிக் குடுத்தேன் டாக்டர், ஒரு நாள் தவறல" என்றாள் மனைவி, பெருமையாக. அந்தப் பெருமைதான் அவரை அதிகமாகச் சுட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுபடி குழாய். இந்த முறை உள்ளிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முதலில் கொடுத்த மருந்து அந்தக் கிருமியிடம் இனி எடுபடாது என்று முடிவு வந்தது.

"மருந்து பட்டதும் முதல்ல சாகிறது நோஞ்சான்கள்தான். தாக்குப்பிடிக்கிறதுங்க மிஞ்சிடுச்சுன்னா அதுங்க மட்டும் பெருகும்" என்றார் டாக்டரம்மா. "அப்படிப்பட்டது உங்க வயித்துல முன்னாடியே இருந்துச்சா, நடுவுல பலப்பட்டதா, எனக்குத் தெரியாது. இப்ப அதுங்க ராஜ்ஜியம்தான் நடக்குது. இனி நாலு மருந்து, ஒரு நாளைக்கு நாலு வேளை, பதினாலு நாள். வாய் கசக்கும், நாக்கு கறுத்துப்போகும், பயப்படாதீங்க. இதுவும் கேக்கலன்னா அப்புறம் குடுக்கிறதுக்கு என்கிட்ட ரொம்ப இல்ல. புண்ணு ரத்தம் கசிய ஆரம்பிச்சா நீங்க இங்க நடந்து வர மாட்டீங்க, தூக்கிட்டுத்தான் வரணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு அந்த நோஞ்சான்கள் நினைப்புதான். ஆயுசு முழுக்க தள்ளு, வச்சுக்கோ என்று சொல்லியே பிழைத்தவர். வயிற்றுக்குள்ளும் அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறார். நோஞ்சானைத் தள்ளிவிட்டு, முரடனைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் நாளே நாக்கு கறுத்தது. "இனிமே வாயத் திறந்து யாரையும் ஒண்ணும் சொல்லிடாதீங்க, கரிநாக்கு, பலிச்சிடும்" என்று மனைவி சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். ஆபீசில் தொண்டை சரியில்லை என்று சொல்லி, பழைய டப்பாச் சீட்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கினார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

பத்து நாள் ஓடிவிட்டது. பதினோராம் நாள் வருஷத்தின் பெரிய கலவைக்கு எந்தெந்தத் தேயிலை என்று முடிவு செய்ய வேண்டும். "தொண்டையோ கிண்டையோ, நீங்க வந்து பார்த்தாத்தான் ஆச்சு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று காலை அறைக்கு முதல் ஆளாக வந்தார். பையில் காலைப் பொட்டலமும் மதியப் பொட்டலமும். இரண்டே இரண்டு வேளை, இன்றைக்கு மட்டும், நாளையிலிருந்து ஒழுங்காக. கால்கள் தானாகக் கடைசி அலமாரிக்குப் போயின. டப்பாவைத் திறந்தார். பழுப்பேறிய ஐந்து பொட்டலங்கள் கிடந்தன. அவர் கை பையிலிருந்து பாதி வெளியே வந்து நின்றது.

"சார்." கோப்பைக்காரம்மா கூடையோடு பின்னால் நின்றாள். "ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"போன தடவ மாத்திரைய இதுல ஒளிச்சு வச்சீங்கல்ல, அந்த வாரம் நடந்தது. அப்பப்போ ஒரே தூளை ரெண்டு கோப்பையில வைக்கச் சொல்வாரு மேனேஜர், உங்களுக்குத் தெரியாம, சும்மா சரிபார்க்க. வச்சேன். மூணாவத வச்சுக்கோன்னீங்க, முப்பதாவத தள்ளுன்னீங்க. ரெண்டும் ஒண்ணுதான் சார். மறுநாளும் வச்சேன். மறுநாளும் அப்படித்தான்."

நாக்கு சார் திரும்பினார். "மேனேஜருக்குத் தெரியுமா?"

"கேட்டாரு. சரியாத்தான் சொன்னாருன்னு சொல்லிட்டேன். இத்தன வருஷத்து நாக்கு. காட்டிக்குடுக்க எனக்கு மனசு வரல."

நாக்கு சார் குடையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ராத்திரி மாத்திரையின் கசப்பே மறுநாள் முழுக்க நாக்கில் இருந்திருக்கிறது. ஏழு பொட்டலத்தை விட்டு அவர் எதையும் காப்பாற்றவில்லை. நாக்கும் போயிற்று, வயிறும் போயிற்று, மனைவியிடம் சொன்ன பொய் மட்டும் மிச்சம். வெட்கத்தில் அவருக்கு அழுகை வந்தது, அழவும் செய்தார்.

பிறகு காலைப் பொட்டலத்தைப் பிரித்து, அவள் கொடுத்த தண்ணீரில் எல்லா மாத்திரையையும் விழுங்கினார். மேனேஜர் உள்ளே வந்ததும் வாயைத் திறந்து காட்டினார்.

"அய்யோ, என்ன சார் இது?"

"மருந்து. இந்த நாக்க நம்பி இன்னிக்கு ஒரு கோப்பையும் வாங்காதீங்க. போன தடவ நம்பினதே தப்பு. மூணு வாரம் தள்ளிப் போடுங்க. முடியாதுன்னா வேற ஆளை வச்சுக்குங்க."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. யாருக்கு என்ன சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே போன் பேசப் போனார்.

கோப்பைக்காரம்மா வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூடையில் எடுத்தாள். நடுவில் நின்று, ஒரு கையால் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூச்சத்தோடு கேட்டாள்.

"சார், அந்த டப்பாவுல இன்னும் அஞ்சு இருக்குல்ல? அன்னிக்கு நீங்க குடுத்தது ரெண்டு நாள் நல்லாக் கேட்டுச்சு. இப்ப மறுபடி எரியுது. ரெண்டே ரெண்டு குடுங்களேன்."

நாக்கு சார் எழுந்தார். டப்பாவை எடுத்து மூடியை அழுத்தி மூடினார்.

"இதத் தொடாதம்மா. நாளைக்குக் காலைல என்கூட டாக்டர்கிட்ட வா."

"ரெண்டு மாத்திரைக்கு டாக்டர் எதுக்கு சார்?"

"நான் உனக்கு என்ன குடுத்தேன்னு அவங்ககிட்ட சொல்லணும். நீயும் பக்கத்துல இருந்து கேளு."