சின்னம்மா எங்கள் கொட்டகைக்கு வந்த மத்தியானம்

பயிற்சி முடிந்ததும் அரசாங்கம் என்னை அனுப்பிய ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, ஒரு பெரிய வாய்க்காலின் ஓரத்தில் இருந்தது. பிரசவம் பார்ப்பதும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனிப்பதும் என் வேலை. தாய் சேய் நல நிலையம் என்று எழுதிய பலகையைக் கொடுத்தார்கள். அதை மாட்டக் கட்டடம் கொடுக்கவில்லை. ஊரின் பெரிய மிராசுதார் தன் வீட்டுக் களத்தை ஒட்டி, நெல் போட்டுவைக்கிற அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார். வாடகை வேண்டாம் என்றார். சுண்ணாம்பு அடித்த பிறகும் அந்த அறையில் நெல் வாசனை போகவில்லை. மூலையில் எப்போதும் உமி உதிர்ந்து கிடக்கும்.

எங்களுடையது கடற்கரைப் பக்கத்து ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். கல்யாணமாகாத பெண்ணைக் கண் காணாத ஊருக்கு அனுப்புகிறாயே என்று சொந்தக்காரர்கள் அத்தாவைக் கேட்டார்கள். அவர் என்னுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அத்தா என்னை ஒப்படைத்தபோது மிராசுதார் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"சாயபு வீட்டுப் பொண்ணா? நல்லதாப் போச்சு. இந்த ஊர்ல நீ எந்தப் பக்கமும் சேராதவ."

அப்போது அது எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது.

ஊரில் இரண்டு பக்கம் இருந்தது. மிராசுதார்கள் இருந்த தெரு ஒன்று. வாய்க்காலுக்கு அந்தப்புறம், வயலில் வேலை செய்தவர்கள் இருந்த தெரு இன்னொன்று. அங்கிருந்து வருகிற பெண்கள் மிராசுதார் வீட்டு வாசல் வழியாக வரக்கூடாது. வாய்க்கால் மதகைத் தாண்டி, கரையோடு நடந்து, கொல்லைப் படலைத் திறந்துகொண்டு வருவார்கள். முன்பக்கம் அந்த வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும் வருவார்கள். நடுவில் நான். இது சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் இரண்டு பக்கத்துப் பெண்களும் வருகிறார்களே என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

மிராசுதாரின் இளைய மருமகளை வேலையாட்கள் சின்னம்மா என்று கூப்பிடுவார்கள். என் வயதுதான் இருக்கும். சுவாமிமலைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மத்தியானம் வீட்டார் படுத்துவிட்டால் என் அறைக்கு வந்துவிடுவாள். ஊசிக் குழாயை வெந்நீரில் போட்டு எடுப்பாள், பஞ்சு சுற்றித் தருவாள். "எங்க ஊர்ல சாமி சிலை வாக்குற பட்டறை தெருவுக்குத் தெரு இருக்குக்கா. உலை மூட்டுன அன்னிக்குத் தெருவே காந்தும்" என்று பிறந்த ஊர்க் கதை சொல்வாள். இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. மூன்றாவதாக உண்டானபோது மாமியாரிடம் சொல்லும் முன்பே என்னிடம்தான் சொன்னாள்.

ஆட்சி மாறியிருந்த சமயம் அது. சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. இனி எல்லாம் மாறும் என்று வயல்காட்டுப் பெண்கள்கூடப் பேசிக்கொண்டார்கள். குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வாய்க்காலுக்கு அந்தப்புறம் செங்கொடி ஏறியது. மிராசுதார்கள் ஒன்று சேர்ந்துகொண்டு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். தகராறு வந்தது. மிராசுதார் வீட்டு முற்றத்தில் போலீஸ்காரர்கள் வந்து தங்கினார்கள். ஒரு நாள் காலையில் நான் அறையைத் திறந்தபோது கொல்லைப் படலை எடுத்துவிட்டு மரக்கதவு போட்டுப் பூட்டியிருந்தது.

மிராசுதாரிடம் போய்க் கேட்டேன்.

"என் களத்துல கால் வைக்க மாட்டேன்னு கொடி கட்டினவங்களுக்கு என் களத்து வழி எதுக்கும்மா?" என்றார்.

"பிள்ளைத்தாச்சிங்க ஐயா. அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்க புருஷன்மாருகிட்டச் சொல்லு."

அந்த வாரமே அது நடந்தது. தகராறு வரும்வரை அவருடைய மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்த பெண் ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது. கதவு பூட்டியிருக்கிறது என்று அவள் நம்பவில்லையோ, நமக்குத் திறப்பார்கள் என்று நினைத்தாளோ, கொட்டுகிற மழையில் கரையோடு நடந்து வந்துவிட்டாள். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு, நான் முன்வாசல் வழியாக ஓடித் தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் கரையிலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. குளிரில் விறைத்துப் போயிருந்தது. என் முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். சில நாள் பால் குடித்தது. அப்புறம் குடிக்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து லேடி டாக்டர் வாரம் ஒருமுறை ஜீப்பில் வருவார். நடுத்தர வயது, அதிர்ந்து பேசாதவர். அவரிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போய் அந்தப் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பலகையைக் கழட்டும்மா. இனிமே இங்க வேணாம்" என்றார்.

"எங்க போறது டாக்டரம்மா?"

"யாருக்கு வழி இல்லையோ அவங்ககிட்டப் போவோம்."

வாய்க்காலுக்கு அந்தப்புறம் செங்கொடிச் சங்கத்து ஆட்களே மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, தரை மெழுகிக் கொடுத்தார்கள். பக்கத்தில் கொடிக்கம்பம். அதைத் தள்ளி நடச் சொல்லிக் கேட்டோம். "அது இருந்தாத்தான் யாரும் கொட்டகையில கை வைக்க மாட்டாங்க நர்சம்மா" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெண்கள் தயக்கமில்லாமல் வந்தார்கள். நல்லபடியாகப் பிரசவங்கள் ஆயின. நடவுக்குப் போகிறவள்கூட வழியில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டு போவாள். நான் பார்த்த வேலையில் எனக்கு நிறைவு தந்த மாதங்கள் அவை.

ஆனால் மிராசுதார் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. வரக்கூடாது என்று அங்கே பேசி முடிவு செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று நான் சொல்லி அனுப்பியதற்கும் பதில் இல்லை. மன்னார்குடியிலிருந்து ஒரு டாக்டர் காரில் வந்து சின்னம்மாவைப் பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். சரி, யாரோ பார்க்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தை மாதம், சம்பா அறுப்பு நடக்கவேண்டிய நேரம். வயலில் கதிர் சாய்ந்து கிடந்தது. அறுக்க ஆள் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கொட்டகை வாசலில் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். சின்னம்மா, குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மதகு தாண்டி வந்திருக்கிறாள். முகம் ஊதியிருந்தது. கால் இரண்டும் வீங்கி, கொலுசு சதையில் அழுந்திப்போயிருந்தது.

"ரெண்டு நாளா தலைய வலிக்குதுக்கா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு. வீட்டுல சொன்னா, முழுகாம இருக்கறப்ப அப்படித்தான் இருக்கும்னுட்டாங்க."

உட்கார வைத்தேன். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். வெளியே நின்றவர்களில் மழையில் பிள்ளை பெற்றவளும் இருந்தாள். குடம் அவள் பக்கத்தில்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள்.

"நாங்க குடுத்தா குடிப்பீங்களா சின்னம்மா?"

"குடு" என்று சின்னம்மா கை நீட்டினாள். வாங்கி முழுதும் குடித்தாள். பிறகு தலைகுனிந்தபடி, "ஒன் புள்ளைய நெனச்சு நான் நெறைய அழுதேன்" என்றாள். பிள்ளையை இழந்தவள் டம்ளரை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

சிறுநீரைச் சோதனைக் குழாயில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திரண்டது. சிறுநீரில் உப்பு இந்த அளவுக்கு இறங்கினால் எந்த நேரமும் ஜன்னி கண்டு வலிப்பு வரலாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

"இன்னிக்கே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். நான் வந்து வீட்டுல சொல்றேன், வா" என்றேன்.

"ஐயோ, நீங்க வராதீங்கக்கா. நான் இங்க வந்தது தெரிஞ்சு போயிடும். தலைவலி தாங்கலன்னு சொல்லி நானே அவரைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"இன்னிக்கேன்னு சொல்லணும்."

"சொல்றேன்."

மதகு வரைக்கும் கூடப் போனேன். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். அவள் வேகமாக நடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

டாக்டரம்மா அன்றைக்கு வேறு ஊர் முகாமில் இருந்தார். அவருக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பினேன். மறுநாள் காலை மனசு கேட்காமல், அவள் வேண்டாம் என்று சொல்லியும், மிராசுதார் வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். காரியஸ்தர் வழி மறித்தார்.

"ஐயா யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவும்மா."

"சின்னம்மாவைப் பார்க்கணும். உயிர்போற காரியம்."

"அவங்க இல்லியே. விடியக்காலம் கார்ல பொறந்த வீட்டுக்கு அனுப்பியாச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போகக்கூடாத தெருவுக்குப் போனாங்கன்னு வீட்டுல பெரிய சத்தம். அவங்கள வாயத் தெறக்கவே விடல" என்றார்.

அவளுக்கு ஜன்னி காணப்போகிறது, நேரே தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொல்லி உடனே ஆளை அனுப்புங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். ஐயாவிடம் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லவில்லை. என்னை வாசலில் நிற்கவைத்துப் பேசியதே தெரியக்கூடாது என்று பயந்திருக்கிறார்.

டாக்டரம்மா மத்தியானம் வந்து சேர்ந்தார். அவள் பிறந்த ஊர்ப் பெயர் எங்களுக்குத் தெரியாது. சுவாமிமலைப் பக்கம், சிலை வார்க்கிற பட்டறைகள் இருக்கிற ஊர் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஜீப்பை எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போனோம். அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது வாசலில் பச்சைத் தென்னை ஓலையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வந்து சேர்ந்த சற்று நேரத்திலேயே சின்னம்மாவுக்கு ஜன்னி கண்டிருக்கிறது. உள்ளூர் மருத்துவச்சி குழந்தையை எடுத்திருக்கிறாள். பெண் குழந்தை, மாதம் நிறையாதது. துணியில் சுற்றி ஓர் ஓரத்தில் வைத்திருந்தார்கள். அதுவும் பிழைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. டாக்டரம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "மூச்சு இருக்கு. ஜீப்பை எடு" என்றார். தஞ்சாவூர் போகிற வரைக்கும் குழந்தை என் நெஞ்சோடு இருந்தது. அதன் அம்மாவை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. குழந்தை பிழைத்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மிராசுதார் வந்தார். மதகைத் தாண்டி, தெரு முனையில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சவரம் செய்யாத முகம். நான் போய் நின்றேன். எனக்குப் பின்னால் தெருப் பெண்களும் வந்து தள்ளி நின்றார்கள்.

"அவளுக்கு இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"தெரியும் ஐயா. உங்க வாசலுக்கு வந்தேன். காரியஸ்தர்கிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

அவர் என் பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "இவங்களுக்கு?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும் ஐயா."

உண்மை அதுதான். அன்று சாயங்காலமே தெரு முழுவதும் தெரிந்துவிட்டது, சின்னம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று. அந்த வீட்டுக்குத்தான் தெரியவில்லை. மாட்டுக்கொட்டிலில் வேலை செய்தவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள்: "கொட்டில் பக்கமாப் போயி அவங்க மாமியார் பெரியம்மா காதுல போட்டுட்டு வந்துடலாம்னு பொறப்பட்டேன் நர்சம்மா. அந்த வீட்டு வாசல யாரும் மிதிக்கக்கூடாதுன்னு சங்கத்துக் கட்டுப்பாடு. எங்க வீட்டுக்காரரே தடுத்துட்டாரு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மிராசுதார் வந்த வழியே திரும்பிப் போனார். சில நாளில் கொல்லைக் கதவின் பூட்டு எடுக்கப்பட்டது. அந்த வழியாக யாரும் போகவில்லை.

கொட்டகைக்கு மாறியது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. மழையில் விறைத்த அந்தக் குழந்தையைத் தூக்கியவள் வேறெதையும் நினைக்க முடியாது. ஆனாலும் ஆறவில்லை. டாக்டரம்மா ஓய்வு பெறுகிற சமயத்தில் தஞ்சாவூரில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு அங்கே போய் நின்றது.

"மதகுகிட்ட ரோட்டோரமா புறம்போக்கு நிலம் கிடந்துதே, ஞாபகம் இருக்கா?" என்றார். "தாசில்தார்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பார். ரெண்டு தெருக்காரங்களும் அது வழியாத்தான் பஸ்ஸுக்கு நடந்தாங்க. அப்ப நமக்கு அது தோணவே இல்லையேம்மா."

எனக்கும் தோணவில்லை. அந்த நாட்களில் யார் கண்ணுக்கும் நடு இடம் என்று ஒன்று தெரியவில்லை. நான் மாற்றலாகிப் போன பிறகு, நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார்களின் நிலம் பிரிந்து, சண்டைகள் ஓய்ந்து, அரசாங்கம் அதே புறம்போக்கில்தான் கட்டடம் கட்டியது. இப்போது இரண்டு தெருப் பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பெண் குழந்தை அம்மா வழித் தாத்தா வீட்டிலேயே வளர்ந்தது. படித்து, கல்யாணமாகி, திருச்சிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. தன் அம்மா வாழ்ந்த வயதை அவள் எப்போதோ தாண்டியிருப்பாள். போய்ப் பார்க்கவேண்டும் என்று பல தடவை புறப்பட்டிருக்கிறேன். அவள் அம்மாவைப் பற்றி அவளுக்கு யார், என்ன சொல்லி வளர்த்தார்களோ தெரியாது. பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவேன்.