ஏரம்பர் போகிற வழி

கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நிழல் காலடிக்குள் சுருங்குகிற நேரத்தில் ஏரம்பர் தம் படலையைச் சாத்திவிட்டுப் புறப்படுகிறார். முன்னால் கொலனி ரோட்டு நூல் பிடித்ததுபோல் கிடக்கிறது. அதில் அவர் ஏறுவதில்லை. குறுக்கே திரும்பி, பக்கத்து வளவு வேலியில் ஆள் புகுமளவுக்கு விட்டிருக்கும் பொட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டு மாட்டுக்கொட்டிலின் பின்புறத்தால் போய், அடுத்த வேலியின் பொட்டுக்குள் மறைகிறார். குளக்கட்டு வரைக்கும் இப்படியே பிறத்தியாரின் வளவுகளுக்குள்ளால்தான் நடை. கையில் வாளி இல்லை, குளிக்கப் போகிறவரல்ல. கட்டின்மேல் ஏறிக் கொஞ்சநேரம் தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டு, போன வழியே திரும்பி வருகிறார்.

அந்த நடையைப் பார்க்க வேண்டும். வயல் வரம்பில் நெஞ்சை நிமிர்த்திப் போகிற மனிதர், இந்த வழியில் மட்டும் தோளை ஒடுக்கிக்கொண்டு, திருவிழாக் கூட்டத்துக்குள் நடப்பவர்போல் நடக்கிறார். ஓரிடத்தில் நின்று ஒதுங்குகிறார். இன்னோரிடத்தில் தலையைக் குனிகிறார். அங்கே குனிவதற்கு ஒரு கொப்புமில்லை, வாசலுமில்லை. இரண்டு தென்னம்பிள்ளையும் ஒரு கோழிக்கூடும்தான் நிற்கின்றன.

கொலனியில் எவரும் அவரை மறிப்பதில்லை. வேலி அடைக்கிற நாளில் அவரவர் அந்தப் பொட்டை விட்டுத்தான் அடைக்கிறார்கள். சங்கக்கடைக்கு மனேச்சராகப் புதிதாக வந்த நான்தான் கேட்டேன்.

"ரோட்டாலை போனால் என்ன, அண்ணை?"

"ரோட்டு எங்களுக்கு, தம்பி. இது அவையின்ரை வழி" என்றார்.

மருதடிக்குளம் கொலனி அக்கராயனுக்குத் தெற்கே காடு வெட்டி எழுப்பிய ஊர். எல்லா வீடும் ஒரே அச்சு: இரண்டு அறை, முன்னுக்கு ஒரு விறாந்தை, மேலே ஓடு. குடிவந்த புதிதில் தம் வீடென்று நினைத்து அயல் வீட்டுக்குள் போய்க் கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்டவர்கள் உண்டு. ஒருவர் பருத்தித்துறை, ஒருவர் கைதடி, ஒருவர் தீவுப்பகுதி. பெயர் பழகுமுன் காணி நம்பர் பழகிவிடும். காலையில் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை. பின்னேரம் கடை வாசலில் சமாதானம். இடைக்கிடை மலேரியாவுக்கு டி.டி.ரி. மருந்து அடிக்கிறவர்கள் வந்து சுவரெல்லாம் வெள்ளைத் திட்டாக்கிவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமையில் மருதடிப் பிள்ளையாருக்குப் பொங்கல். அறுவடைக் காலத்தில் காட்டுக்கரையோரம் யானைக்கு நெருப்பு. இது கண்ணுக்குத் தெரிகிற ஊர்.

இதற்குக் கீழே இன்னொன்று கிடக்கிறது. காடு வெட்டிய டோசர் மரவேரோடு சேர்த்துச் செங்கல்லையும் கிளப்பியதாம். நம் காலத்துச் செங்கல் அல்ல; ஒன்றைத் தூக்க இரண்டு கை வேண்டும். வரிசை வரிசையாக அத்திவாரம், நடுவே தூர்ந்துபோன ஒரு கிணறு, அங்கிருந்து குளத்துப் பக்கமாக ஒடுக்கமான ஒரு தெரு. எப்போது இருந்தார்கள், எதனால் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. நில அளவைக்காரர் அதன்மேலேயே சங்கிலி பிடித்துக் காணி பிரித்தார். வந்து குடியேறியவர்கள் அந்தக் கல்லைப் பொறுக்கி அடுப்பாக்கினார்கள், குடம் வைக்கத் திட்டாக்கினார்கள். என் கடை வாசற்படியும் அந்தக் கல்தான். வெயிலில் கிடந்தாலும் அதில் கால் வைத்தால் குளிர்ந்திருக்கும்.

ஏரம்பர் முதன்முதலில் வந்தவர்களில் ஒருவர். கரவெட்டிப் பக்கம். கறுத்து இறுகிய உடம்பு, ஐம்பதைக் கடந்தும் நரைக்காத மீசை. வெற்றிலை இல்லை, சுருட்டு இல்லை. சீனி வாங்கமாட்டார், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணி. வயலைப் பற்றிக் கேட்டால் அடித்துச் சொல்வார். "நாளைக்கு மழை இல்லை. பசளையைப் போடு." "உந்த எருமை உழாது, வித்துப்போடு." அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் அந்தத் தெருவைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் எல்லாமே 'ஆம்' போட்டுத்தான் வரும். "உதிலை வழி ஒடுக்கமாம், ரண்டு பேர் ஒண்டாப் போகேலாதாம்." "அதிலை ஒரு தாவாரம் பதிவாம், குனியாட்டில் தலை இடிக்குமாம்." "மத்தியானந்தான் அவை குளத்துக்குப் போறவையாம்."

சில கிழமை இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் நெல்லுச் சாக்குகளுக்கு நடுவில் இருக்கும்போது கேட்டேன். "உதுகளை ஆர் சொன்னது, அண்ணை? நீங்கள் கண்டனீங்களோ?"

"நானோ? நான் ஒண்டும் கண்டதில்லை, தம்பி. அன்னபாக்கியம் சொன்னவா."

அன்னபாக்கியம் அவருடைய மனைவி. வீடுகள் எழும்புமுன்னமே, காடு வெட்டுகிற காலத்தில், 'தனியச் சமைச்சுச் சாப்பிடமாட்டியள்' என்று கூடவே வந்துவிட்டவள். இரண்டு பேரும் கிடுகுக் குடிலில் இருந்தார்கள். மாரி முடிய அவளுக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. காலையெல்லாம் பாயில் சுருண்டு கிடப்பாளாம். மத்தியானமானால் கண்ணைத் திறந்து, காலை இழுத்து மடக்கிக்கொள்வாளாம்.

"இஞ்சருங்கோ, ஆக்கள் போகினம். நடு வழியிலை படுத்துக் கிடக்கிறன். கொஞ்சம் இழுத்து விடுங்கோ."

குடம் வைத்த பெண்கள், தோளில் பிள்ளை வைத்த ஆண்கள், கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிற சின்னதுகள். எங்கே ஒடுங்குகிறது, எங்கே குனிகிறார்கள் என்றெல்லாம் பாயில் கிடந்தபடி சொல்வாளாம். ஏரம்பர் அதைக் காய்ச்சல் கதையென்று விட்டுவிட்டார். பாயை மட்டும் அவள் சொன்ன பக்கம் இழுத்துப் போட்டார். ஒருநாள் அவள் சிரித்தாள். என்னவென்று கேட்டதற்கு, "என்னையும் குளத்துக்கு வரட்டாம். காய்ச்சல்காரி, இன்னும் குளிக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டன்" என்றாளாம்.

அவளைக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக லொறி ஒழுங்கு செய்துகொண்டு ஏரம்பர் குடிலுக்குத் திரும்பியபோது மத்தியானம் கடந்திருந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு குளிர்ந்து கிடந்தது.

"தலைமயிர் எல்லாம் நனைஞ்சிருந்தது, தம்பி."

"வேர்வையாய் இருக்கும், அண்ணை."

"இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாக்கின் வாயைத் தைக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகுதான் இந்த நடை. பிள்ளைகள் இல்லை. இன்னொரு கலியாணம் பேசிக்கொண்டு கரவெட்டியிலிருந்து தமக்கை வந்தபோது, அந்த அம்மா கதையைத் தொடங்குமுன்னே 'தண்ணி கட்டவேணும்' என்று மண்வெட்டியோடு எழும்பிப் போனவர், அவ திரும்பிப் போகிற பஸ் வரும்வரை வயலைவிட்டு வரவில்லையாம்.

சென்ற வருடம் குளக்கட்டுக்குக் கிட்டிய காணிக்குக் கதிர்காமநாதனும் இராசேஸ்வரியும் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். கதிர்காமநாதன் நல்ல உழைப்பாளி. சும்மா இருக்கிற இடத்தைக் கண்டால் பொறுக்காத ஆள். வந்து சில நாளிலேயே வேலிப் பொட்டுகளை அடைத்து, வீட்டுக்குப் பின்னால் சமைக்க மண்கல்லால் ஒரு குசினி எழுப்பத் தொடங்கினார். சுவர் இடுப்பளவு வந்தபோது ஏரம்பர் போய் நின்றார். நானும் கடை அலுவலாக அங்கே நின்றேன்.

"தம்பி, குசினியைக் கொஞ்சம் இஞ்சாலை தள்ளிக் கட்டலாமோ?"

"ஏன் அண்ணை? ரோட்டு இருக்குத்தானே. ரோட்டாலை போங்கோவன்."

"எனக்கு ரோட்டு போதும். நான் எனக்காகக் கேக்கேல்லை."

"வேறை ஆருக்கு?"

ஏரம்பர் சுவரைப் பார்த்தார், கதிர்காமநாதனின் கையிலிருந்த மண்ணைப் பார்த்தார். "சரி, கட்டுங்கோ" என்றார். கோபமில்லை. குழைத்த மண் காயப் போகிறதென்று ஒரு சட்டி தண்ணீரும் அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

குசினி முடிந்தது. ஏரம்பரின் நடை நிற்கவில்லை. ரோட்டால் சுற்றி அந்த வளவுக்குள் வந்து, குசினிச் சுவர் வரைக்கும் போய் நின்றார். மண்ணெண்ணெய் வாங்க வந்த இராசேஸ்வரி என்னிடம் முறையிட்டாள்.

"அவர் ஒண்டும் செய்யிறேல்லை, அண்ணை. சுவருக்கு அங்காலை வந்து நிக்கிறார். நான் உள்ளுக்குக் கறி காய்ச்சிறன். அவர் மூச்சு விடுறது கேக்குது. கொஞ்சத்தாலை திரும்பிப் போறார். எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

நான் ஏரம்பரோடு கதைக்கிறேன் என்றேன். கதைக்கவில்லை. இன்னொரு நாள் வந்தவள், "இப்ப அவர் வாறதுக்கு முந்தியே உள்ளுக்கு ஒரு சத்தம்" என்று தொடங்கினாள். கடைக்குள் வேறு ஆட்களைக் கண்டதும் நிறுத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஆவணி பிறந்தது. மழையின் சாயலே இல்லை. குளம் வற்றி, மாடு கால் நனைக்கக்கூடத் தண்ணீரில்லாமல் வெடித்துக் கிடந்தது. அப்படி ஒரு மத்தியானத்தில் இராசேஸ்வரி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். கதிர்காமநாதன் பரந்தனுக்குப் போயிருந்தார்.

"ஒருக்கா வந்து பாருங்கோ, அண்ணை. மற்ற நாளெல்லாம் துடைச்சுப்போட்டன். இண்டைக்குத் துடைக்கேல்லை."

போனேன். காலையில்தான் சாணியால் மெழுகிய நிலம், காய்ந்து வெளிறியிருந்தது. அதன்மேல் குளத்துப் பக்கச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் ஈரக் காலடிகள். பெரியவை, சிறியவை, ஓடுகிற பிள்ளையின் முன்பாதம் மட்டும் பதிந்தவை. சுவரடியில் ஒரு பாதத்தின் பாதி மட்டும் இருந்தது. விரல்கள் குசினிக்குள், குதிக்கால் சுவருக்குள். வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தேன். கோழி கிளறிய புழுதி, அவ்வளவுதான். ஒரு துளி ஈரமில்லை. திரும்ப உள்ளே வந்தபோதுதான் மணத்தை உணர்ந்தேன். நிறைந்த குளத்தின் பாசி மணம்.

"உலை வைச்சனான். ஏணை ஆடிற சத்தம் கேட்டுத் திரும்பினன்" என்றாள் இராசேஸ்வரி. பிள்ளையைத் தாலாட்டுகிற அந்தச் சேலைத் தொட்டில் குசினியின் நடுவே கூரை வளையில் தொங்கியது. "ஆளில்லை, அண்ணை. அடி மட்டும் ஒவ்வொண்டா விழுந்தது. ஏணை வழியை மறிச்சுத் தொங்குது. அதை விலத்தி விலத்திப் போச்சினம்."

பிள்ளையின் நெற்றியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முன்மயிர் நனைந்து ஒட்டியிருந்தது.

"நான் ஓடிப்போய்த் தூக்கேக்கை சிரிச்சுக்கொண்டு கிடந்தது."

அந்தக் குசினியை இப்போது போனாலும் பார்க்கலாம். இரண்டு பக்கச் சுவரும் இல்லை. அன்று பின்னேரம் பரந்தனிலிருந்து வந்த கதிர்காமநாதன் மனைவி சொன்னதைக் கேட்டார். பிள்ளையின் தலையை முகர்ந்து பார்த்தார். அலவாங்கை எடுத்துக்கொண்டு சுவரை இடிக்கப் போனார். அடுப்பு ஒரு மூலைக்கும் ஏணை வீட்டுக்குள்ளும் போயின. பொட்டுகளும் திறந்தாயிற்று. மத்தியானத்தில் இராசேஸ்வரி அந்த நடுவழியில் ஒரு சுளகுகூட வைப்பதில்லை. கொலனியில் இதைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கதைக்கவுமில்லை. ஏரம்பர் முன்போலவே போய் வருகிறார்.

ஆனால் என் மனதில் நிற்பது, கதிர்காமநாதன் வருமுன், நாங்கள் மூன்று பேரும் அந்தக் குசினிக்குள் நின்ற கொஞ்சநேரம்.

சுவருக்கு அப்பால் ஒரு செருமல் கேட்டது. ஏரம்பர் வழக்கம்போல் வந்து நின்றிருந்தார். நான் வெளியே போய்க் கூட்டிவந்தேன். வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தைத் தேடினேன்; இல்லை. எத்தனையோ வருஷம் வெறும் வெளியில் ஒதுங்கியும் குனிந்தும் நடந்த மனிதர், முதன்முறையாக எதையோ காண்கிறார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து, கோயிலுக்குள் போகிறவர்போல் இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒரு காலடியையும் மிதிக்காமல் சுவரோரமாக உள்ளே வந்தார்.

"பிள்ளை, நீ பாத்தனியெல்லோ. கடைசியா விழுந்த அடி எது?"

இராசேஸ்வரி விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"புதுசா வந்த ஆள் பின்னுக்குத்தானே நடக்கும்" என்றார் ஏரம்பர். "ஊர் பழகுமட்டும் அப்பிடித்தான்."

அவள் எதிர்ச்சுவரடியைக் காட்டினாள். மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி ஒடுங்கிய ஒரு பாதம். மற்றவை நடந்த அடிகள். அது மட்டும் நின்ற அடி. ஈரம் அவ்விடத்தில் கூடுதலாக ஊறியிருந்தது.

சின்ன அடிகள் விளிம்பிலிருந்து காயத் தொடங்கியிருந்தன. ஏரம்பர் முழங்காலை ஊன்றிக் குந்தினார். வலக்கையை விரித்து அந்த அடியின்மேல் வைத்தார், தொட்டதும் தொடாததுமாக. அடுப்பில் உலை பொங்கி வழிந்து நெருப்பில் சீறியது. இராசேஸ்வரி அதை இறக்கப் போகவில்லை. பிள்ளைகளின் அடி, பிறகு பெரியவர்களின் அடி, ஒவ்வொன்றாக வெளிறி நிலத்தோடு நிலமாயின. ஏரம்பர் கையை எடுக்கவில்லை.