பாதாம் பரவாயில்லை

என் தம்பிக்குக் கடலை ஆகாது. கோவில்பட்டியில் பிறந்துவிட்டு ஒரு பிள்ளை இப்படி வளர்வது எவ்வளவு சிரமம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். தெருவுக்குத் தெரு கடலைமிட்டாய் காய்ச்சுகிற ஊர் அது. கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ ஆசையாக ஒரு துண்டை அவன் வாயில் வைக்கப்போய், முகம் வீங்கி, மூச்சு இழுத்து, திருநெல்வேலி ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்த்தான் மீட்டார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்குள் கடலையும் வரவில்லை, கடலையெண்ணெயும் வரவில்லை. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரும்முன் அம்மா சமையற்கட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவாள். "விசாரணைக் கமிஷன் வந்தாச்சு" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வது எனக்குக் கேட்கும். அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு ஒன்பது வயதும் தம்பிக்கு ஐந்து வயதும் இருக்கும்போது, காலாண்டு விடுமுறையில் கொல்கத்தாவுக்குப் போனோம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் தம்பியின் வாய்க்குள் போகும் ஒவ்வொரு கவளத்துக்கும் அம்மா ஒருத்தியே பொறுப்பு என்றாகிவிட்டது.

மாமா அந்த ஊருக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் அங்கேயே பிறந்தவர்போலப் பேசினார், முக்கியமாகச் சாப்பாட்டைப் பற்றி. "ஃபோன்ல கடைக்கு எத்தன ஸ்டார்னு பாத்துட்டுப் போறவன் ஏமாந்துதான் போவான்க்கா. அந்தந்தப் பேட்டைக்காரங்க எங்க கூட்டமா நிக்காங்களோ, அங்கதான் நாமளும் நிக்கணும்" என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையின்படி எங்களைப் பல சந்துகளுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அம்மா ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, கடலைக்கு மாமா சொல்லிக்கொடுத்த இந்தி வார்த்தையை உச்சரித்தாள். "மூங்ஃபலி?" கடைக்காரர்கள் வேகமாக ஏதோ சொல்வார்கள். மாமா பாதியைப் புரிந்துகொள்வார். பாதி போதாது என்று அம்மா திரும்பி நடப்பாள். இரண்டு நாட்கள் நாங்கள் ரொட்டியும் வாழைப்பழமும் தயிருமாகக் கழித்தோம். நல்ல வாசனைகளை வரிசையாகக் கடந்துபோனதில் எனக்கு அம்மாமேல் தாங்கமுடியாத கோபம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காளிகாட் கோயிலுக்குப் போய்விட்டு, பசியோடு பின்பக்கத்துச் சந்து ஒன்றில் நடந்துகொண்டிருந்தோம். துர்கா பூஜைப் பந்தலுக்காகச் சந்து முழுவதையும் அடைத்து மூங்கில் கட்டியிருந்தார்கள். ஆட்கள் குனிந்து நெளிந்துதான் போக முடியும். அதைத் தாண்டி ஒரு சிறிய கடை. உள்ளே இரண்டு மேஜை, வாசலில் ஒரு பெஞ்சு, பெஞ்சைச் சுற்றி ஆட்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா அடுப்பின்முன் உட்கார்ந்து, லுச்சி என்று அவர்கள் சொல்லும் வெள்ளைப் பூரியைப் பொரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டில் கட்லெட் மாதிரி நீளமாக, பொன்னிறமாக அடுக்கியிருந்தது.

"இதுதான்க்கா கடை" என்றார் மாமா. "அது வெஜிடபிள் சாப். பீட்ரூட் வச்சுச் செய்வாங்க."

அம்மா வழக்கம்போல அடுப்பருகே போனாள். தம்பியைக் காட்டி, வாயைக் காட்டி, கூடாது என்று கையை ஆட்டி, "மூங்ஃபலி?" என்றாள். கடைக்காரம்மா பொரிப்பதை நிறுத்திவிட்டு, கவனமாகக் கேட்டார். அம்மா சொல்வதை இப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு சாப் தட்டைக் காட்டித் தெளிவாகச் சொன்னார்: "பாதாம் ஆச்சே."

"இதுல பாதாம் இருக்காம்" என்றார் மாமா, முழு வாக்கியமும் புரிந்துவிட்ட சந்தோஷத்தில்.

"பாதாமா? பாதாம் பரவால்ல" என்றாள் அம்மா. தம்பி தினமும் பாதாம்பால் குடிப்பவன். அம்மாவின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். "சரி, உக்காருங்க" என்றாள். கடைக்காரம்மா ஒரு கணம் அம்மாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா விரலைக் காட்டி நாலு சாப் என்றார்.

தம்பி பாதிதான் தின்றிருப்பான். "அம்மா, தொண்டைல என்னமோ மாட்டிக்கிச்சு" என்றான்.

அம்மா அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கீழுதடு தடித்திருந்தது. அவன் தட்டிலிருந்த மீதியைப் பிய்த்தாள். சிவந்த பீட்ரூட் மசாலாவுக்குள்ளிருந்து ஒன்றை விரலால் நோண்டி எடுத்துத் துடைத்தாள். பாதியாக உடைந்த நிலக்கடலை.

அதைக் கடைக்காரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் தலையாட்டினார். "ஹ்யாங், பாதாம்."

அந்த ஊர்ப் பேச்சில் கடலைக்குப் பெயர் பாதாம். மாமாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவர் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. கைப்பையைத் திறந்து அலர்ஜி மருந்தைத் தம்பியின் வாயில் ஊற்றினாள். அவன் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். கழுத்தில் திட்டுத்திட்டாகச் சிவந்து தடித்தது. ஒவ்வொரு மூச்சும் விசிலடிப்பதுபோல வந்தது. "ஆஸ்பத்திரி எங்கடா? ஒரு டாக்ஸி பிடிடா" என்றாள் மாமாவிடம். மாமா சந்து நெடுகப் பார்த்தார். இரண்டு பக்கமும் மூங்கில். டாக்ஸி எங்கே வரும்?

யாரும் மொழிபெயர்த்துச் சொல்லாமலே கடைக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தார். மாவுக் கையோடு தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கினார். பந்தலுக்குள் எந்த மூங்கிலுக்கு இடையில் ஆள் நுழையலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மேலேயிருந்த பந்தல்காரர்களைப் பார்த்து ஏதோ கூவினார். அவர்கள் குறுக்கே கிடந்த கழிகளை இழுத்து வழிவிட்டார்கள். அவர் பின்னால் அம்மா, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான், என் பின்னால் மாமா. தம்பியின் தலை அந்த அம்மாவின் தோளில் துவண்டு துவண்டு ஆடியது. அவன் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. எடுக்கக் குனிந்த என்னை அம்மா திரும்பிப் பார்க்காமலே இழுத்தாள்.

சந்து முடியும் இடத்தில் ஒரு மருந்துக்கடை. அதன் பின்னறையில் ஒரு டாக்டர். அம்மாவுக்கு வங்காள மொழி தெரியாது, இந்தி ஒரே வார்த்தை, இங்கிலீஷும் தடுமாறும். அவள் டாக்டரின் மேஜையில் தம்பியைக் கிடத்தி, ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். "அட்ரினலின்." அது எல்லோருக்கும் புரிந்தது. டாக்டர் தம்பியின் தொடையில் ஊசி போட்டார்.

பிறகு விசில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோனால் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை. அம்மா அவன் மார்பில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. தம்பி கண்ணைத் திறந்து, "என் செருப்பு?" என்றான்.

அம்மா அப்போதுதான் அழுதாள்.

கடைக்காரம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. எதிரே வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆமி தோ போலேசிலாம்."

"என்னடா சொல்றாங்க?" என்று அம்மா கேட்டாள்.

மாமா தயங்கினார். "நான் சொன்னேனேங்காங்க."

"சொன்னாங்கதான்" என்றாள் அம்மா.

டாக்டர் சொன்னபடி அன்று ராத்திரி தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, மறுநாள் அனுப்பினார்கள். மாமாவுக்குக் குற்ற உணர்ச்சி எல்லாம் கோபமாக மாறியிருந்தது. "அந்தக் கடையப் பத்தி ஃபோன்ல எழுதிப் போடப்போறேன்க்கா. நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்" என்றார். எழுத வேண்டியவற்றை எனக்கும் சொல்லிக்காட்டினார். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. தம்பியைக் கொல்லப் பார்த்த கடை.

"ஒன்னும் எழுதாத. நாளைக்கு ரயிலுக்குப் போறப்ப என்னை அங்க ஒருக்க கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா.

சண்டை போடத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஊருக்குப் போய்ச் சொல்வதற்கு ஒரு கதை கிடைக்கப்போகிறது என்று கொஞ்சம் உற்சாகமாகவும் இருந்தது. சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் ரயில். பெட்டி படுக்கைகளோடு டாக்ஸியை மெயின் ரோட்டில் நிறுத்தி மாமாவைக் காவலுக்கு வைத்துவிட்டு, அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு மூங்கில்களுக்குள் நுழைந்தாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தட்டு நிறைய சாப் இருந்தது. பெஞ்சில் ஒருவரும் இல்லை. சந்தில் போகிறவர்கள் கடையைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டே கடந்துபோனார்கள். கடைக்காரம்மா எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

அம்மா உள்ளே போகவில்லை. தெருவைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தம்பியை எல்லோரும் பார்க்கும்படி தன் முன்னால் நிறுத்தினாள். பிறகு சாப் தட்டைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். கடைக்காரம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அம்மா மறுபடியும் காட்டினாள். கடைசியில் தட்டில் ஒரு சாப் வந்தது.

அம்மா அதை மெதுவாக, ரயிலைப் பற்றிக் கவலையே இல்லாதவள்போலத் தின்றாள். முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். பந்தல் வேலைக்காரர்கள் மேலிருந்து பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் வந்து தம்பியின் கன்னத்தைத் தட்டினார். ஒரு பெரியவர் பையோடு வந்து நின்று, கடைக்காரம்மாவிடம் ஏதோ கேட்டு, தனக்கும் ஒன்று வாங்கினார். அவர் பின்னால் இரண்டு காலேஜ் பெண்கள்.

எனக்குத் தாங்கவில்லை. தம்பிக்கு அப்படிச் செய்த கடையில், அதையே, அதுவும் ருசித்துத் தின்கிறாளே. "உனக்கு அவங்க மேல கோவமே இல்லியாம்மா?" என்றேன்.

அம்மா, நின்றுகொண்டிருந்த பெரியவரைப் பார்த்துவிட்டு என்னிடம், "கொஞ்சம் தள்ளி உக்காரு, ஆள் வர்றாங்க" என்றாள்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தேன். நாங்கள் வரும்போது முழுசும் காலியாகக் கிடந்த பெஞ்சில் இப்போது எனக்கு உட்காரக்கூடச் சரியாக இடமில்லையே என்று எரிச்சலாக இருந்தது.