சத்தம் போட்டது யார்?

சாய்ந்தமருது கடற்கரை மைதானத்தில் எங்களோடு வில் பழகிய ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபருக்கு, அம்பு தவறினால் இலக்குப் பலகையைப் பார்க்கும் பழக்கமே இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சத்தம் போட்டது யாரென்று எங்களைத்தான் பார்ப்பார். எங்கள் எல்லோருடையதையும் விட விலை கூடிய வில் அவருடையது. குற்றம் அதன் மீது எப்படி வரும்? அன்று முதல் அம்புக்குக் காகம் கத்தியது என்றார். அடுத்ததற்குக் கடல் இரைந்தது. அதற்கும் அடுத்ததற்கு நான் இருமினேனாம்.

“மூச்சையும் புடிச்சிக்கிட்டு நிக்கட்டா சேர்?” என்றேன்.

“ஓம், நில்லுங்க. அப்பதான் மனசு ஒரு இடத்துல நிக்கும்.”

கேலி புரியாத மனிதர். நானும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன். அவர் நாணை இழுத்துத் தாடையோடு சேர்த்த நேரம், மீன்காரரின் மோட்டார் சைக்கிள் வேலியோரம் வந்து நின்று ஹோன் அடிக்கத் தொடங்கியது. அடுத்த குற்றவாளி வந்தாச்சு என்று நினைத்தேன். ஆனால் அவருடைய இமைகூட அசையவில்லை. அம்பு பலகையின் நடு மஞ்சள் வட்டத்தில் போய்க் குத்தி நின்றது.

முதன்முறையாகப் பலகையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா? சத்தம் இல்லாட்டி எப்பிடிப் போகுது எண்டு!”

ஹோன் இன்னும் ஓயவில்லை. அதனால் அதை அவர் கத்தித்தான் சொன்னார்.