எலும்புக் கறிக்கு ஏற்ற குண்டு

இந்த வெள்ளைக்கார நாட்டில் மான் சுடுகிறவர்கள் குண்டு தெரிவு செய்யும்போது மானை மட்டும் யோசிப்பார்கள். நான் சட்டியையும் சேர்த்து யோசித்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொல்கிறான் என்று தள்ளிவிட வேண்டாம். நோர்பரியில் ஒரு கடைக்குக் கூட்டித் துடைக்க வந்து, அதே தெருவில் மூன்று கடைக்கு முதலாளி ஆனவன் நான். ஊரில் சண்டைக் காலத்தில் துவக்கைக் கண்டால் ஓடினோம். இங்கே பொலிஸே வீட்டுக்கு வந்து, இரும்பு அலுமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, எனக்குத் துவக்கு வைத்திருக்க லைசன்ஸ் தந்தது. அது கேட்டவனுக்கெல்லாம் கிடைக்கிற சாமான் இல்லை.

சசெக்ஸில் பண்ணை வைத்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் என் கடைகளுக்கு முட்டை தருகிறவர். அவருடைய பயிரை மான் தின்று அழித்தது. வந்து சுடு என்று என்னை அழைத்தார்.

முதலில் நானும் எல்லோரையும் போல ஈயக் குண்டுதான் பாவித்தேன். மான் விழுவதில் குறையில்லை. குறை வீட்டில் வந்தது. வெள்ளைக்காரர்கள் குண்டு பட்ட முன்தோளை வெட்டி எறிந்துவிட்டுப் பின்தொடையைச் சாப்பிடுவார்கள். நாங்கள் தோளை எலும்போடு வெட்டிக் குழம்பு வைத்து, எலும்பை உறிஞ்சாமல் விடுகிற ஆட்களா? ஈயம் எலும்பில் பட்டால் நொறுங்கும். ஒரு சாண் தள்ளியும் அதன் தூள் இறைச்சிக்குள் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி தோள் எலும்பைக் கடித்தாள். டக் என்று கேட்டது. வாயிலிருந்து கறுப்பாக ஒரு துணுக்கை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, இது என்ன?"

"மிளகு."

"மிளகு பல்லை உடைக்குமோ? பேரப்பிள்ளையளும் இந்தச் சட்டியிலதானே சாப்பிடுதுகள்! இன்னொருக்கா இது ஆற்றையும் வாயில பட்டா, துவக்கை வித்துப்போடுவன். சொல்லிப்போட்டன்."

அவள் சொன்னால் செய்வாள். என் துவக்கு அந்த ஒரு துணுக்கில் தொங்கியது.

செப்புக் குண்டு நொறுங்காது. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. போதிய வேகம் இல்லாவிட்டால் விரியாமல், ஊசி போல மறுபக்கம் போய்விடும். மான் காயத்தோடு ஓடும். அது பாவம், சுட்டவனுக்கு மானக்கேடும்கூட. அதனால் துவக்குக் கடைக்காரன் சொன்னதை நம்பாமல், செப்பிலேயே பாரம் கூடியதில் ஒரு பெட்டியும் குறைந்ததில் ஒரு பெட்டியும் வாங்கினேன். என் கடைகளில் வெறுமையான எண்ணெய்க் கான்களைப் பண்ணைக்குக் கொண்டுபோய், மண்மேட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்துத் தண்ணீர் நிரப்பினேன். மானைச் சுட வந்தாயா, என் தண்ணீரை முடிக்க வந்தாயா என்று பண்ணைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். நான் மானைச் சுடுகிற அதே தூரத்துக்குப் போய் நின்று சுட்டேன். கிட்ட நின்று சுட்டால் எந்தக் குண்டும் விரியும். அதில் என்ன பரீட்சை?

ஈயக் குண்டு கானுக்குள் தூளாகக் கிடந்தது. பாரம் கூடிய செப்பு எல்லாக் கானையும் துளைத்து மண்ணுக்குள் போயிற்று. தோண்டி எடுத்தால் நுனி மட்டும் மொட்டுப் போல லேசாகப் பிளந்திருந்தது. பாரம் குறைந்தது வேகமாய்ப் போகும் அல்லவா? அது மூன்றாவது கானில் கிடந்தது. நாலு இதழும் விரிந்து, ஒரு துகளும் சிந்தாமல்! அதைப் பண்ணைக்காரரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

குண்டு மாறினால் அது போய்ப் படும் இடமும் மாறும். ஆகவே துவக்கின் மேலிருக்கும் குறிபார்க்கும் கண்ணாடியைத் திருத்தி, ஒரே இடத்தில் குண்டுகள் விழும்வரை கடதாசியில் சுட்டேன். அதற்குப் பிறகுதான் மானுக்குப் போனேன். ஒரு குளிர்காலக் காலை, வேலி ஓரத்தில் ஒரு பெண் மான் பக்கவாட்டில் நின்றது. நெஞ்சுக்கு நேரே, வேண்டுமென்றே இரண்டு தோள் எலும்பும் உடையும்படி வைத்தேன். எளிய இடத்தில் சுட்டுவிட்டுப் புழுகுகிற பழக்கம் எனக்கில்லை. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. மறுபக்கத்து ஓட்டை இங்கத்தைய இரண்டு பவுண் நாணயம் ஒன்றின் அளவு; குண்டு விரிந்துதான் போயிருந்தது.

அந்தத் தோளைத்தான் சமைக்கச் சொன்னேன். மனைவி ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் சட்டியில் போட்டாள். சாப்பாட்டுக்கு அவளுடைய தம்பியும் வந்திருந்தான்.

"அத்தான், பல்லுக்கு இன்சூரன்ஸ் போட்டிட்டியளோ?"

"நீ வாயை மூடிக்கொண்டு சாப்பிடு மச்சான்."

"வாயை மூடினா எப்பிடிச் சாப்பிடுறது?"

மனைவி முதலில் மெதுவாகக் கடித்தாள். பிறகு இன்னொரு துண்டு. அதன்பின் எலும்பை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சி, தட்டில் தட்டி, உள்ளே இருந்த ஊனையும் எடுத்தாள். நான் சோற்றைத் தொடவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மற்றத் தோள் எங்க?" என்றாள்.

"பிறீசருக்க."

"எடுத்து வெளியில வையுங்கோ. நாளைக்கு அக்கா ஆக்களைக் கூப்பிடப் போறன்."

நான் எழும்பிப் போய், கல்லாய் உறைந்திருந்த அந்தத் தோளைத் தூக்கிவந்து, மச்சானின் தட்டுக்குப் பக்கத்தில் 'தொம்' என்று வைத்தேன்.